கயிற்றை இழுத்தும் எஞ்சின் நிற்கவில்லையா? படகு கில் சுவிட்ச் கோளாறுகள், அறிகுறி வாரியாக

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரில் பொங்கோல் பக்கம் ஒரு படகுத்துறையில் நண்பர் ஒருவர் கூப்பிட்டார். "அண்ணே, சாவியத் திருப்புனா சத்தமே வரல, கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?" போய்ப் பார்த்தேன். பேட்டரி முனை தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். இறுக்கிவிட்டதும் எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் இருவரும் லைஃப் ஜாக்கெட்டோடு தயாராக நின்றார்கள். புலாவ் உபின் தீவுப் பக்கம் மீன் பிடிக்கப் போகிறார்களாம். "கிளம்புறதுக்கு முன்னாடி அந்தச் சிவப்புக் கயித்த ஒரு தடவ இழுங்க" என்றேன். இழுத்தார். கிளிப் கையோடு வந்துவிட்டது. எஞ்சின் மட்டும் எதுவுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் படகை அவர் இரண்டு வருடமாக ஓட்டுகிறார். அந்தக் கயிற்றின் ஒரு முனை ஓட்டுபவர் உடலில், மறுமுனையின் கிளிப் ஸ்டீயரிங் உள்ள கன்சோலில் இருக்கும் கில் சுவிட்சில். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் கிளிப் கழன்று எஞ்சின் நிற்க வேண்டும். கயிற்றைத் தவறாமல் தொடையில் மாட்டிக்கொள்வார். ஆனால் ஒரு நாள்கூட இழுத்துப் பார்த்ததில்லை. கன்சோலுக்குப் பின்னால் சுவிட்சிலிருந்து வரும் வெள்ளை வயர், இணைப்பானுக்குள் பச்சைக் களிம்பு ஏறிப் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது.

கில் சுவிட்ச் இரண்டு விதமாகக் கெடும். வேண்டாதபோது எஞ்சினை நிறுத்தும், அல்லது வேண்டும்போது நிறுத்தாது. முதல் கோளாறு உங்களைக் கடுப்பேற்றும், அதனால் அன்றைக்கே சரிசெய்துவிடுவீர்கள். இரண்டாவது எந்தச் சத்தமும் போடாது. ஆளைக் கொல்வது அதுதான். வார இறுதிகளில் நண்பர்கள் படகுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறுகளை, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை வைத்துக் கீழே பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

கை வைப்பதற்கு முன்

பெரும்பாலான பெட்ரோல் அவுட்போர்டு எஞ்சின்களில் (படகின் பின்னால் வெளியே மாட்டுபவை) கில் சுவிட்ச், கிளிப் கழன்றதும் இக்னிஷனிலிருந்து வரும் ஸ்டாப் வயரை எர்த்தோடு, அதாவது எஞ்சின் உடலோடு, இணைத்து எஞ்சினை நிறுத்துகிறது. யமஹாவில் ஸ்டாப் வயர் வெள்ளை, எர்த் கறுப்பு. மெர்குரியில் ஸ்டாப் வயர் மஞ்சள் கோடு போட்ட கறுப்பு. இந்த வகையில் வயர் அறுந்தால் எஞ்சின் நிற்காது. படகுக்குள்ளேயே பொருத்தும் சில உள்பொருத்து எஞ்சின்களில் முறை நேரெதிர்: கிளிப் கழன்றதும் மின்சாரம் துண்டிக்கப்பட்டு எஞ்சின் நிற்கும். அங்கே வயர் அறுந்தால் எஞ்சின் பிடிக்காது. உங்களுடையது எது என்பதை எஞ்சின் கையேட்டில் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். கீழே நான் சொல்வது பெரும்பாலும் முதல் வகைக்கு.

ஸ்டாப் வயரில் ஒருபோதும் 12 வோல்ட் கொடுக்காதீர்கள். பேட்டரியிலிருந்து ஒரு வயரைத் தொட்டுப் பார்த்தால் போதும், தீப்பொறியை உண்டாக்கும் இக்னிஷன் யூனிட் போய்விடும். அது இந்த வேலையிலேயே விலை கூடிய பாகம். எஞ்சின் ஓடும்போது அந்த வயரில் நூற்றுக்கணக்கான வோல்ட் துடிப்புகள் வரக்கூடும், அதனால் வெறும் செம்பில் கை வைக்கக் கூடாது, ஓம் அளக்கவும் கூடாது. ட்ரெய்லரில் வைத்து ஓட்டிப் பார்ப்பதாக இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயை மாட்டாமல் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். புரொப்பெல்லர் பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

கையில் வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர் (சிம் லிம் டவரில் 20, 30 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கிடைக்கும் சாதாரண ரகமே போதும்), காண்டாக்ட் கிளீனர், சிலிக்கான் ஸ்பிரே, ஒரு போத்தல் நல்ல தண்ணீர், உங்கள் எஞ்சினுக்கே உரிய உபரி கிளிப் ஒன்று.

அறிகுறி 1: சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை

இது பெரும்பாலும் கில் சுவிட்ச் வேலை அல்ல. நிறைய எஞ்சின்களில் கிளிப் இல்லாவிட்டாலும் ஸ்டார்ட்டர் சுற்றும், தீப்பொறி மட்டும்தான் வராது. சில புதிய மாடல்களில் சுற்றுவதும் தடுக்கப்படும், எனவே கிளிப்பை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அப்புறம் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, பேட்டரி சுவிட்ச் ஆன் ஆகியிருக்கிறதா, பேட்டரி முனைகள் இறுக்கமா, ஃபியூஸ் நல்லதா என்று வரிசையாகப் பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் சத்தமில்லை என்றால் ஸ்டார்ட்டர், ரிலே பக்கம் போக வேண்டும். அது வேறு கதை.

அறிகுறி 2: ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

கிளிப் முழுசாக ஏறியிருக்கிறதா? பாதி ஏறிய கிளிப்பைக் கண்ணால் பார்த்தால் சரியாக இருப்பது போலவே தெரியும். கழற்றிவிட்டு மறுபடி மாட்டி, கட்டைவிரலால் அடிவரை தள்ளுங்கள்.

அது உங்கள் எஞ்சினின் கிளிப்தானா? வேறு பிராண்டு கிளிப் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், ஆனால் அரை மில்லிமீட்டர் மெல்லியதாக இருக்கும். பொத்தான் முழு உயரத்துக்கு எழும்பாது. உள்ளே தொடர்பு விலகாது. எஞ்சினைப் பொறுத்தவரை கயிறு இன்னும் இழுபட்ட நிலையிலேயே இருக்கிறது. எல்லா பிராண்டுக்குமான சாவிக்கொத்து போல் ஏழெட்டு கிளிப் ஒரே வளையத்தில் விற்பார்கள். அவசரத்துக்கு நல்லதுதான், ஆனால் உங்களுடையது எது என்று வீட்டிலேயே மாட்டிப் பார்த்து அதற்கு மட்டும் நெயில் பாலிஷ் தடவி அடையாளம் வையுங்கள்.

பொத்தான் சுதந்திரமாக அசைகிறதா? கிளிப்பைக் கழற்றுங்கள். ஸ்பிரிங் பொத்தானை 'டக்'கென்று உள்ளே தள்ள வேண்டும். மெதுவாகப் போனாலோ பாதியில் நின்றாலோ உப்பு பிடித்திருக்கிறது. வெதுவெதுப்பான நல்ல தண்ணீரை ஊற்றி, விரலால் இருபது முப்பது முறை இழுத்து விட்டு, காய்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். அதற்குப் பிறகும் தயங்கினால் சுவிட்சை மாற்றுங்கள். ஸ்பிரிங்கைப் பிரித்துப் பழுதுபார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சுவிட்சுக்குள் எர்த் ஆகிறதா? சாவியை ஆஃப் செய்து, சுவிட்சின் இரண்டு வயரையும் இணைப்பானிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சின் பக்கம் மல்டிமீட்டரை வையுங்கள். கிளிப் மாட்டியிருக்கும்போது தொடர்பு இருக்கக் கூடாது, பீப் சத்தம் வரக் கூடாது. கழற்றினால் 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். கிளிப் மாட்டியும் பீப் வந்தால், அல்லது சில நூறு ஓம் காட்டினால், உள்ளே ஈரமோ களிம்போ இருக்கிறது. புது சுவிட்ச்தான் வழி.

ஒரு பொறி இங்கே இருக்கிறது. வயர்களைக் கழற்றாமல் அளந்தால் மீட்டர் எப்போதும் பீப் போடும். ஏனென்றால் சாவி ஆஃபில் இருக்கும்போது அதே ஸ்டாப் வயரைச் சாவி சுவிட்சும் எர்த் பண்ணிக்கொண்டிருக்கும். நல்ல சுவிட்சைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கி மாட்டியும் சரியாகாமல் வந்தவர்களில் பலர் இந்தப் பொறியில் விழுந்தவர்கள்.

வயர் எங்காவது உரசுகிறதா? சுவிட்ச் நல்லது என்று தெரிந்துவிட்டால், சாவி சுவிட்சின் இணைப்பையும் கழற்றிவிட்டு, ஸ்டாப் வயருக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள். எர்த் காட்டினால் வயர் எங்கேயோ தோல் உரிந்து உலோகத்தைத் தொடுகிறது. அலுமினியப் படகில் கன்சோல் ஓட்டையின் விளிம்பு, எஞ்சின் மூடிக்குள் நுழையும் ரப்பர் வளையம், ஸ்டீயரிங் திரும்பும்போது மடியும் இடம், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய இடம்: சுவிட்ச், சாவி, வயர் எல்லாம் நல்லது, ஆனாலும் தீப்பொறி இல்லை என்றால் மிச்சம் இருப்பது எஞ்சின் மூடிக்குள் உள்ள மின்னணு யூனிட். அதை ஊகித்து வாங்காதீர்கள்.

அறிகுறி 3: நன்றாக ஓடுகிறது, அலையில் குலுங்கினால் அணைந்துவிடுகிறது

சாங்கி பக்கம் ஃபெர்ரி ஒன்று கடந்து போன பின் வரும் அலையில் இது அடிக்கடி நடக்கும். தெற்கே லாசரஸ் தீவுக்கும் நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் நடுவே நடந்தால் நிலைமை மோசம். நீரோட்டம் உங்களைக் கப்பல் பாதைக்குள் இழுத்துக்கொண்டு போகும். எனவே "மறுபடி பிடிச்சிடுச்சே" என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் அது மின்சாரமா, பெட்ரோலா என்று பிரியுங்கள். சாவியைத் திருப்பினாற்போல் ஒரே நொடியில் நின்றால் மின்சாரம். இருமி, ஏறி இறங்கி, சில நொடிகள் தள்ளாடி நின்றால், பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் பந்தை அழுத்தியதும் உயிர் வந்தால், அது பெட்ரோல்: வடிகட்டி, குழாய், டேங்க் காற்றுத் துளை. கில் சுவிட்சை விட்டுவிடுங்கள்.

மின்சாரம் என்று முடிவானால் மீட்டர்களைப் பாருங்கள். ஜிபிஎஸ் திரையும் சேர்ந்து அணைந்து மறுபடி எழுந்தால் பேட்டரி இணைப்போ மெயின் ஃபியூஸோ. எல்லாத் திரைகளும் எரிந்துகொண்டிருக்க எஞ்சின் மட்டும் நின்றால்தான் ஸ்டாப் வயர் பக்கம் சந்தேகம்.

அப்புறம் ஆட்டிப் பார்க்கும் சோதனை. படகைத் துறையில் இரண்டு கயிற்றால் கட்டி, நியூட்ரலில் ஐடிலில் விடுங்கள். மாட்டியிருக்கும் கிளிப்பை நான்கு பக்கமும் மெல்ல அசையுங்கள். எஞ்சின் தடுமாறினால் கிளிப் தேய்ந்திருக்கிறது அல்லது பொத்தானின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அதற்கு எஞ்சின் தடுமாறவில்லையென்றால் கன்சோலுக்குப் பின்னால் கையை விட்டு வயர்க் கட்டினை ஒரு விரல் அளவு நகர்த்தி நகர்த்தி ஆட்டுங்கள், வெறும் செம்பு இருந்தால் தொடாமல். எஞ்சின் விக்கும் இடத்தில்தான் கோளாறு. நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் தளர்ந்த ஸ்பேட் இணைப்பான்கள் (தட்டையான நாக்கு போன்றவை). இடுக்கியால் லேசாக நெருக்கினால் அன்றைய பயணத்துக்குத் தாங்கும், ஆனால் வீட்டுக்கு வந்ததும் வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.

அதைப் போடும்போது ஈயம் பூசிய செம்பு வயர், நெருக்கிப் பிடிக்கும் இணைப்பான், பசை உள்ள சுருங்கு குழாய், இந்த மூன்றும் வேண்டும். இன்சுலேஷன் டேப் வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை இளகி வழிந்து, அடியில் உப்புத் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மூடிய கன்சோலுக்குள் மதியம் எவ்வளவு சூடு என்பது கை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அறிகுறி 4: கயிற்றை இழுத்தும் எஞ்சின் நிற்கவில்லை

இதை மட்டுமாவது முழுக்கப் படியுங்கள். இந்த அறிகுறி தானாக வராது, நீங்கள்தான் இழுத்துத் தேட வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் துறையிலேயே எஞ்சினைச் சாவியால் நிறுத்தாமல் கயிற்றால் ஒரு முறை நிறுத்துங்கள். மாலையில் திரும்பி வந்ததும் சாவியால் நிறுத்துங்கள். இரண்டு வழிகளும் அன்றன்று சோதிக்கப்பட்டுவிடும், தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

இப்போதே எஞ்சினை நிறுத்த வேண்டும் என்றால்: நியூட்ரலுக்கு வந்து சாவியைத் திருப்புங்கள். நிற்கவில்லையா? கார்புரேட்டர் எஞ்சின் என்றால் சோக்கை முழுக்க இழுத்து மூச்சடைக்கச் செய்யுங்கள். அதுவும் இல்லையென்றால் எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் குழாயின் இணைப்பானைக் கழற்றிவிட்டுக் காத்திருங்கள். உள்ளே மிச்சமுள்ள பெட்ரோல் தீர்ந்ததும் நிற்கும். ஸ்பார்க் பிளக் மூடியைக் கையால் பிடுங்காதீர்கள். பேட்டரி சுவிட்சையும் அணைக்காதீர்கள். பழைய எஞ்சின்கள் பேட்டரி இல்லாமலும் ஓடும், ஓடும்போது பேட்டரியைத் துண்டித்தால் சார்ஜ் பாதையிலுள்ள ரெக்டிஃபையர் எரிந்துபோகலாம்.

4அ. சாவி நிறுத்துகிறது, கயிறு நிறுத்தவில்லை

இது நல்ல செய்தி. பொது வயரும் எஞ்சின் யூனிட்டும் நல்ல நிலையில் இருக்கின்றன, கோளாறு கயிற்றுச் சுவிட்சிலோ அதன் கிளையிலோ மட்டும்தான்.

கிளிப் கழன்ற பின் பொத்தானைக் குனிந்து பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டே நின்றால் உப்பில் சிக்கியிருக்கிறது, அறிகுறி 2-ல் சொன்ன தண்ணீர் வைத்தியம்தான். பொத்தான் உள்ளே போயும் நிற்கவில்லை என்றால் சுவிட்சைக் கழற்றி ஓம் அளங்கள். கிளிப் இல்லாதபோது 1 ஓமுக்குக் கீழே வராவிட்டால் சுவிட்ச் செத்துவிட்டது. சுவிட்ச் நல்லது என்றால் கறுப்பு வயரிலிருந்து எஞ்சின் உடலுக்கு அளங்கள், அப்புறம் ஸ்டாப் வயரின் இரு முனைகளுக்கும் இடையே அளங்கள். இரண்டும் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். எது காட்டவில்லையோ அந்த வயரில்தான் களிம்பு. நான் முதலில் சொன்ன நண்பருக்கு இரண்டாவது அளவு வரவே இல்லை. இணைப்பானை இழுத்தேன், வயர் மட்டும் தனியாகக் கையில் வந்தது, அதன் முனையில் செம்பே இல்லை.

வயர்கள் அளக்கும்போது நல்லதாகக் காட்டினாலும் இரண்டு முனைகளையும் கண்ணால் பாருங்கள். பழைய படகு வாங்கியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். அறிகுறி 3 போல நடுக்கடலில் அணையும் தொல்லை தாங்காமல், யாரோ ஒருவர் சுவிட்சிலிருந்து வரும் வயரை வெட்டி, டேப் சுற்றி, கன்சோலுக்குள் சொருகி வைத்திருப்பார். எஞ்சின் ஒழுங்காக ஓடும். கயிறும் கிளிப்பும் அழகாகத் தொங்கும். ஒரு படகில், வெட்டிய முனையில் சுற்றியிருந்த டேப் இன்னும் பளபளப்பாக இருந்தது. விற்பதற்குச் சில வாரம் முன்புதான் வெட்டியிருப்பார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. வாங்கியவர் அடுத்த ஞாயிறு மனைவியையும் ஆறு வயது மகளையும் அதில் கூட்டிப்போக இருந்தார். படகு வாங்கும்போது விலை பேசுவதற்கு முன்பே, விற்பவர் கண்முன்னால் கயிற்றை இழுத்துப் பாருங்கள்.

4ஆ. சாவியும் நிறுத்தவில்லை, கயிறும் நிறுத்தவில்லை

இரண்டும் ஒரே ஸ்டாப் வயரில் சேர்கின்றன, எனவே சேருமிடத்துக்கு அப்பால் தேடுங்கள். எஞ்சினுக்குள் நுழையும் பெரிய பல்முனை இணைப்பானைக் கழற்றி, ஸ்டாப் வயரின் ஊசி கறுத்திருக்கிறதா, வளைந்து உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் உடலில் எர்த் வயர் திருகப்பட்ட இடத்தில் வெள்ளை உப்பு படிந்திருந்தால் கழற்றித் தேய்த்து மறுபடி இறுக்குங்கள். இவ்வளவும் செய்து நிற்கவில்லை என்றால் மெக்கானிக்தான். அவர் வந்து பார்க்கும்வரை அந்தப் படகு கடலுக்குப் போகக் கூடாது. "சோக் இருக்கே, பாத்துக்கலாம்" என்பவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: படகைவிட்டு வெளியே விழுந்தவர் சோக்கை எப்படி இழுப்பார்?

4இ. இரட்டை எஞ்சினில் ஒன்று நிற்கிறது, மற்றது ஓடுகிறது

ஒரே கயிற்றில் இரண்டு எஞ்சினும் நிற்கும்படி சுவிட்சுக்குள் இரண்டு ஜோடித் தொடர்புகள் இருக்கும். சோதிக்கும்போது இரண்டையும் ஓடவிட்டுத்தான் இழுக்க வேண்டும், ஒவ்வொன்றாகச் சோதித்தால் எது எந்தத் தொடர்பில் இருக்கிறது என்பதே குழம்பிவிடும். நிற்காமல் ஓடிய எஞ்சினைச் சாவியால் நிறுத்திவிட்டு, அதன் ஜோடியை மட்டும் மீட்டரில் அளங்கள். மூன்று எஞ்சின், கேபிள் இல்லாத எலெக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள படகுகளில் நேரே மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

4ஈ. கிளிப் மாட்டினால் அணைகிறது, கழற்றினால் ஓடுகிறது

எஞ்சினையோ சுவிட்சையோ மாற்றிய பிறகு இது வரும். முன்பு சொன்ன இரண்டு வகைகளும் கலந்துவிட்டன, துண்டிக்கும் வகைச் சுவிட்சை எர்த் பண்ணும் எஞ்சினுக்கு மாட்டியிருக்கிறார்கள். பழுது எதுவும் இல்லை, சரியான சுவிட்சை வாங்கி மாட்டினால் போதும். கிளிப்பைக் கழற்றி வைத்தே ஓட்டிப் பழகிவிடாதீர்கள்.

4உ. உள்பொருத்து எஞ்சின், டீசல் எஞ்சின்

டீசலில் தீப்பொறி இல்லை, எரிபொருளை அடைக்கும் சொலனாய்டு (மின்காந்த அடைப்பான்) ஒன்றுதான் நிறுத்துகிறது. சில வகைகளில் மின்சாரம் கிடைத்தால்தான் அது அடைக்கும், பேட்டரி தீர்ந்துபோனால் கயிறும் சேர்ந்து வேலை செய்யாது. கையால் நிறுத்தும் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்பதைப் படகில் ஏறும் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள். பெட்ரோல் உள்பொருத்து எஞ்சின் அறைக்குள் ஆவி தங்கும். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் புளோவரைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிடுங்கள், அந்த அறைக்குள் வைக்கும் எந்தச் சுவிட்சும் பொறி வெளிவராத ரகமாக இருக்க வேண்டும். இந்த இரண்டு வகையிலும் சோதித்துப் பார்ப்பது உங்கள் வேலை, பழுது பார்ப்பது மெக்கானிக் வேலை.

அறிகுறி 5: சும்மா திரும்பினாலே கிளிப் கழன்றுவிடுகிறது

சுவிட்சைக் குறை சொல்வதற்கு முன் கயிறு எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். மணிக்கட்டில் மாட்டினால் ஸ்டீயரிங்கைச் சுற்றிக்கொண்டு இழுக்கும். சன்ஸ்கிரீனும் வியர்வையும் சேர்ந்து வளையம் வழுக்கும், விழும்போது கையோடு வராமலும் போகலாம். அரைக்கால் சட்டையின் பெல்ட் துணி வளையம் பிய்ந்துவிடும். தொடையைச் சுற்றி மாட்டுவதே எனக்குப் பிடித்தது. அல்லது லைஃப் ஜாக்கெட்டில் இதற்கென்றே தைத்த உலோக வளையம்.

மாட்டிய பின், எஞ்சின் ஓடாதபோது இப்படிப் பாருங்கள். உட்கார்ந்து த்ராட்டிலை முழுக்கத் தள்ளுங்கள், எழுந்து நின்று பின்னால் திரும்புங்கள். கழலக் கூடாது. படகின் ஓரத்துக்குப் போய் வெளியே சாயுங்கள். கழன்றே ஆக வேண்டும். முதலாவது தேறவில்லை என்றால் கயிறு குட்டை, இரண்டாவது தேறவில்லை என்றால் நீளம். குட்டைக் கயிற்றை வேறு கயிறு கட்டி நீட்டாதீர்கள், முடிச்சு எங்காவது மாட்டிக்கொள்ளும்.

கயிற்றின் சுருள் தொய்ந்து, சிவப்பு வெளுத்து ரோஸ் நிறமாகி, வளைத்தால் மேல்தோல் வெடிக்கிறதா? வெயில் தின்றுவிட்டது. இரு முனையையும் பிடித்து உடம்பின் பலத்தைக் கொடுத்து இழுத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் மாற்றுங்கள், படகுச் செலவுகளில் இது மிகச் சிறியது. கிளிப்பின் கவை இரண்டும் விரிந்திருந்தால் நெருக்கி வளைக்க வேண்டாம், புது கிளிப் வாங்குங்கள்.

ஒவ்வொரு தடவையும் கழல்கிறதே என்று கயிற்றை மாட்டாமலே ஓட்டுபவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். 2013 மே மாதம் இங்கிலாந்தில் பாட்ஸ்டோ அருகே ஒரு குடும்பம் வேகப்படகில் போனது. படகு சட்டென்று திரும்பியதில் ஆறு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். கில் கயிறு படகில் இருந்தது, ஓட்டியவர் உடலில் மாட்டப்பட்டிருக்கவில்லை. ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பத் திரும்ப அவர்கள் மேலேயே வந்தது. தந்தையும் 8 வயது மகளும் இறந்தார்கள், வேறு இருவருக்குப் படுகாயம். ஓட்டுபவர் இல்லாத அவுட்போர்டு படகு பெரும்பாலும் நேராகப் போகாது. எஞ்சின் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டு, விழுந்த இடத்தையே சுற்றும். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைந்த, 3 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள படகுகள் வேகமெடுத்து ஓடும்போது ஓட்டுபவர் இந்த இணைப்பைப் பயன்படுத்தியாக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

அறிகுறி 6: கம்பியில்லாக் கருவி காரணமின்றி எஞ்சினை நிறுத்துகிறது

கழுத்திலோ மணிக்கட்டிலோ மாட்டும் சிறு கருவி, படகில் உள்ள பெட்டியோடு எப்போதும் பேசிக்கொண்டிருக்கும். ஆள் தண்ணீரில் விழுந்தால் தண்ணீர் ரேடியோ அலையை மறைக்கும், பேச்சு நிற்கும், எஞ்சின் நிற்கும். பேச்சு வேறு காரணத்தால் நின்றாலும் இதேதான் நடக்கும்.

முதலில் கருவியின் பேட்டரி. அப்புறம், பெட்டி எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது? உலோகத் தகட்டுக்குப் பின்னாலோ ஐஸ் பெட்டிக்குப் பின்னாலோ இருந்தால் நகர்த்துங்கள். தண்ணீர் நிறைந்த ஐஸ் பெட்டியும் மறைக்கும் என்பதை மறந்துவிடுவோம். படகுக்கு வராத யாருடைய கருவியாவது இன்னும் பெட்டியோடு ஜோடியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்கு வரும் மின்சாரம் ஆட்டம் காண்கிறதா என்பது கடைசி.

நேர்மாறான சோதனையையும் செய்யுங்கள்: துறையில் ஐடிலில் ஓடும்போது கருவியை ஒரு வாளித் தண்ணீரில் கையால் மூடியபடி முழுக்க அமிழ்த்துங்கள். சில நொடிகளில் அலாரமும் நிறுத்தமும் வர வேண்டும். வரவில்லை என்றால் கையேட்டில் உள்ள சோதனை முறையைப் பாருங்கள். அதிலும் தேறாவிட்டால் விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள், அதுவரை சிவப்புக் கயிற்றைத் தொடையில் மாட்டுங்கள். இரண்டும் இருந்தால் இரண்டையும் மாட்டுவதில் தவறே இல்லை.

அறிகுறி 7: ஓட்டுபவர் விழுந்துவிட்டார், கிளிப்பும் அவரோடு போய்விட்டது

எஞ்சின் நின்றுவிட்டது. சுவிட்ச் தன் வேலையைச் செய்துவிட்டது. இப்போது படகில் இருப்பவர்கள் எஞ்சினை இயக்கி அவரை எடுக்க வேண்டும், கையில் கிளிப் இல்லை. இதை நான் கோளாறு என்றே எண்ணுகிறேன்.

உபரி கிளிப்பைச் சாவிக்கொத்தில் வைக்காதீர்கள், கயிற்றை விட்டுவிட்டு அதையே சுவிட்சில் மாட்டி ஓட்டும் ஆசையைத் தரும். கன்சோலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில், மஞ்சள் நாடாவால் கட்டி, ஒரே இழுப்பில் வரும்படி வையுங்கள். கிளம்பும் முன் படகில் ஏறியவர்களில் ஒருவரை, அவர் மாமியாராக இருந்தாலும் சரி, முன்னால் கூப்பிட்டு அதை ஒரு முறை தானே மாட்டி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, சாவியால் நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. இயந்திரப் படகு ஓட்டுவதற்கான பிபிசிடிஎல் உரிமம் உங்களிடம் மட்டும்தான் இருக்கும், ஆனால் நீங்கள் தண்ணீரில் இருக்கும் அந்த நேரத்தில் படகு அவர் கையில்தான்.

அவருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவே. முதல் வேலையாக, விழுந்தவரைக் கையால் காட்டிக்கொண்டே இருக்க ஒருவரை நிறுத்துங்கள். மிதவையை எறியுங்கள். விஎச்எஃப் வானொலியின் சேனல் 16-ல் உதவி கேளுங்கள். கிளிப்பை மாட்டி, மெதுவான வேகத்தில் மட்டும் நெருங்குங்கள். அவர் படகுக்குப் பக்கத்தில் வந்ததும், ஏணியை இறக்குவதற்கு முன்பே, கிளிப்பை மறுபடி இழுத்துவிடுங்கள்.